ஹோம் ஸ்டேஜிங்: சேலத்து வீட்டுக்கு எவ்வளவு தேவை?

வீடு பார்க்க வரும் பார்ட்டி ஹாலில் போட்டிருக்கும் சோபாவை ஒரு தரம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். கூட வந்திருக்கும் மாமியார் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறப்பார். தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது போர் தண்ணிங்களா? மேட்டூர் தண்ணிக்குத் தனிக் குழாய் இருக்குதுங்களா?" என்பார். ஹோம் ஸ்டேஜிங், அதாவது வீட்டை விற்பனைக்குத் தயார் செய்து தருகிறோம் என்று சேலத்தில் யார் வந்தாலும், அவர்கள் வேலையை இந்தக் குழாயடியில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். குஷன் உறையின் நிறமெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தத் தொழிலின் ஊர் அமெரிக்கா. பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி 1972இல் இதைத் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். அங்குள்ள வீட்டு முகவர்கள் சங்கம் 2023இல் எடுத்த கணக்கில், வாங்குபவர் தரப்பு முகவர்களில் 81 சதவீதம் பேர், ஸ்டேஜிங் செய்த வீட்டில் தாங்கள் குடியிருப்பதை வாங்குபவர்கள் எளிதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று சொன்னார்கள். சேவை தருபவர்கள் காட்டும் பிரசன்டேஷனில் இந்த எண் எப்படியும் இருக்கும். அது முகவர்களின் அபிப்பிராயம். கிடைத்த விலையை அளந்து சொன்ன கணக்கில்லை. அந்த ஊர் முகவர்களின் அபிப்பிராயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சேலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் இன்டீரியர் செய்பவர்கள்தான் கூடுதல் சேவையாக எடுத்துக்கொள்கிறார்கள். பேக்கேஜ் என்று ஒரே தொகையாகச் சொன்னாலும் உள்ளே ஐந்து வேலை இருக்கும்: வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பழுதுப் பட்டியல் எழுதுவது, பழுதும் பெயிண்டும் துப்புரவும், வாடகைச் சாமான், போட்டோ, பார்ட்டி வரும் நேரத்தை ஒழுங்கு செய்வது. விற்பவரின் மண்டைக் குடைச்சலைக் குறைப்பது இதில் முதலாவதும் கடைசியும்தான். விலை அதிகமாக இருப்பதோ மூன்றாவது. அதனால் பேக்கேஜாக வாங்காமல் பிரித்து வாங்குவதே புத்திசாலித்தனம். பிரித்துத் தர மாட்டோம் என்பவர் சாமான் வாடகையில் பிழைப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் வருபவர் நல்லவரா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். பீரோவை நகர்த்தச் சொல்கிறாரா என்று பாருங்கள். டார்ச், டேப், ஒரு கோலிக்குண்டு இல்லாமல் வருபவர் திரைச்சீலை விற்க வந்தவர். பாத்ரூம் தரையில் கோலிக்குண்டை வைத்தால் அது தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி உருள வேண்டும். கதவை நோக்கி உருண்டால் வாட்டம் தப்பு. பீரோவுக்குப் பின்னால் சுவரின் கீழ் இரண்டு அடியில் பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளையாக மாவு பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பூச்சு பொடியாக உதிரும். அந்தச் சுவரின் மறுபக்கம் பத்து வீடு பார்த்தால் எட்டில் பாத்ரூம்தான்.

இந்த ஓதம் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியும். டைல்ஸ் இடுக்கு வழியாகவோ தரை ஓட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை வாடையைத் தடுக்கும் கிண்ணமான நகானி டிராப்பைச் சுற்றியுள்ள விரிசல் வழியாகவோ தண்ணீர் இறங்குகிறது. செங்கலும் பூச்சும் அதை உறிஞ்சி மறுபக்கம் கொண்டுவருகின்றன. வரும் வழியில் கரைந்த உப்பு, தண்ணீர் ஆவியானதும் மேற்பரப்பில் தங்கிப் பெயிண்டை வெளியே தள்ளுகிறது. இதன் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சில வாரங்களில் மறுபடி கொப்பளிக்கும். டோக்கன் கொடுத்த பார்ட்டி கிரயத்துக்கு முன் இன்னொரு தரம் வீட்டைப் பார்க்க வருவார்கள். அன்றைக்குப் பார்த்துக் கொப்பளித்திருந்தால் பேரம் முதலிலிருந்து தொடங்கும், அதுவும் நம்பிக்கை போன பிறகு.

சரியான வழி நீளமானது. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கைச் சுரண்டி எபாக்ஸி கிரவுட் என்ற, தண்ணீர் புகாத இடுக்குப் பூச்சு போட வேண்டும், டிராப்பைச் சுற்றி அடைக்க வேண்டும். பிறகு ஓதத்தின் மேல்கோட்டிலிருந்து ஒரு அடி உயரம் வரை பூச்சைக் கொத்தி எடுத்து மறுபூச்சு பூச வேண்டும். பூசியபின் ஒரு வாரம் தண்ணீர் நனைத்து, ஏறக்குறைய நான்கு வாரம் காயவிட்டுத்தான் பிரைமர் அடிக்கலாம். "ஒரு வாரத்தில் வீட்டை ரெடி பண்ணித் தர்றோம்" என்பவர், சுவரில் ஓதம் இருக்கும் வீட்டுக்கு அப்படிச் சொன்னால், அந்த இடத்தில் வால்பேப்பர் ஒட்டப்போகிறார் அல்லது வார்ட்ரோபை நிறுத்தப்போகிறார். அப்படி மறைப்பதற்கு விற்பவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தால் வாங்குபவர் கண்ணில் படாத, ஆனால் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே சொல்கிறது. கதவு நிலையில் கரையான் அரித்த பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்புவதும் இதே கணக்கில்தான் சேரும். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளல் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை வரிசையில் அதிகம் தவறு நடப்பது தரை பாலிஷில். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் பழைய வீடுகளில் நல்ல மொசைக் தரை இருக்கிறது. அதைப் பெயர்த்து டைல்ஸ் போடச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். மூன்று கட் பாலிஷ் போட்டாலே புதுத் தரை போல வந்துவிடும். ஆனால் பாலிஷ் மெஷின் சேற்றுத் தண்ணீரைச் சுவரில் முக்கால் அடி உயரத்துக்கு அடிக்கும். அதனால் பாலிஷ் முடிந்த பிறகுதான் சுவரின் கடைசிக் கோட் பெயிண்ட். அந்தச் சேற்றை வாளியில் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ஆட்கள் சோம்பல்பட்டு பாத்ரூமில் ஊற்றினால் குழாய்க்குள் சிமெண்ட் போல இறுகிவிடும். இதைக் கொட்டேஷனிலேயே ஒரு வரியாக எழுதி வாங்குங்கள்.

பெயிண்ட் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டுக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக 400க்குச் சற்றுக் கீழே வரும். நல்ல சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 120 முதல் 140 சதுர அடி வரை வரும். ஆக ஒரு அறைக்கு மூன்று லிட்டர் போதும். ஐந்து, ஆறு என்று எழுதியிருந்தால் கேளுங்கள். நிறத்தைப் பற்றி நீண்ட ஆலோசனை தேவையில்லை. ஊதாவும் பச்சையும் இருக்கும் அறைகளை எல்லாம் ஒரே இளம் கிரீமுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது.

குழாய்க்கு வருவோம். போர் தண்ணீரின் கடினத்தன்மையால் குழாய் வாயிலும் ஷவரிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் படிவு கட்டியிருக்கும். குளியலறையைப் பழசாகக் காட்டுவது இதுதான். துப்புரவு ஆட்கள் கையில் எடுப்பது ஆசிட் பாட்டில். அது படிவோடு சேர்த்துக் குழாயின் குரோம் பூச்சையும் டைல்ஸ் இடுக்கின் சிமெண்டையும் தின்னும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்து, துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி இருபது நிமிடம் கட்டி வைத்தால் படிவு இளகி வந்துவிடும். இந்தக் கரைசல் மார்பிள் மீதும் கடப்பா கல் மீதும் படக்கூடாது. இரண்டும் சுண்ணாம்பு வகைக் கல். பட்ட இடம் பளபளப்பு போய் வெளிறிவிடும். சமையல் மேடை கடப்பா கல்லாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான் வழி.

இதோடு ஒரு சின்ன வேலை: போர் குழாய், கார்ப்பரேஷன் குழாய், மாடி டேங்க் வால்வு என்று ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டி, சம்ப்பின் மூடியைத் திறக்கும்படி வைக்க வேண்டும். இதைச் செய்து தரும் ஸ்டேஜிங் ஆட்கள் அபூர்வம். செய்யச் சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

பூட்டிக் கிடக்கும் பிளாட்டில் நுழைந்ததும் சாக்கடை வாடை அடித்தால் பலரும் பயப்படுவது போலக் குழாய் உடைந்திருக்காது. நகானி டிராப்பில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்து போயிருக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது மட்டுப்படும். இதற்குப் பதில் ரூம் ஸ்பிரே அடித்து வைக்கும் ஆட்கள் உண்டு. மல்லிகை வாசனையும் சாக்கடை வாடையும் சேர்ந்து வரும் அந்த நெடி, எதையோ மறைக்கிறார்கள் என்று பார்ட்டிக்குச் சொல்லிவிடும்.

விளக்கு விஷயத்தில் இந்தச் சேவை காசுக்கு மேல் பலன் தருகிறது. ஒரே ஹாலில் ஒரு டியூப் 6500 கெல்வின் (விளக்கு நிறத்தைச் சொல்லும் அளவு) நீல வெள்ளை, ஒரு பல்பு 3000 மஞ்சள் என்று கலந்திருந்தால் சுவர் நேரில் அழுக்காகவும் போட்டோவில் நோயாளி போலவும் தெரியும். அறைக்கு ஒரே நிறம், ஹாலுக்கும் சமையலறைக்கும் 4000, படுக்கையறைக்கு 3000 என்று மாற்ற ஆகும் செலவு சில பல்புகள்தான். திரைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு ஆறு அங்குலம் மேலேயும், இரண்டு பக்கமும் அரை அடி வெளியேயும் மாட்டினால் துணி ஜன்னலை மறைக்காமல் ஒதுங்கி நிற்கும், வெளிச்சம் முழுசாக உள்ளே வரும்.

அமெரிக்கப் பாடத்தை அப்படியே ஒப்பிக்கும் ஆட்கள் இங்கே மாட்டிக்கொள்வது பூஜை அறையில். வீட்டுக்காரரின் அடையாளம் எதுவும் தெரியக்கூடாது என்பது அங்கத்திய விதி. நம் ஊரில் சாமி படங்களை எல்லாம் எடுத்துவிட்டு மாடம் வெறுமையாக இருந்தால், வருபவர்களுக்கு அது குடும்பம் கலைந்துபோன வீடு மாதிரித் தோன்றும். ஒரு குத்துவிளக்கு, சுத்தமான மாடம், வாசலில் சின்னக் கோலம் இருக்கட்டும். ஹாலில் சந்தன மாலையோடு சீரியல் பல்பு எரியும் தாத்தா பாட்டி படத்தைத்தான் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். வெயிலில் வெளுத்த திருஷ்டி பொம்மையையும் கழற்றிவிடலாம்.

வாஸ்துவை நம்புகிறீர்களா இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை, வருபவர் நம்புவார். வாடகைக் கட்டிலை இன்டர்நெட்டில் பார்த்த படம் போல வடக்கே தலைமாடு வைத்துப் போட்டுவிட்டுப் போன வேலையை என்னவென்று சொல்வது? தலைமாடு தெற்கிலோ கிழக்கிலோ வரும்படி போட முடியாத அறை என்றால், கட்டிலே போடாமல் மேசை நாற்காலி போடலாம்.

வாடகைச் சாமான்தான் பேக்கேஜில் அதிகம் சந்தேகப்பட வேண்டிய பகுதி. குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். இருப்பதில் பாதியைக் குறைத்தாலே போதும். காலி பிளாட்டுக்கு மட்டும் ஹாலும் ஒரு படுக்கையறையும் போட்டுக் காட்டலாம், ஏனென்றால் காலி அறையின் அளவு கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் போடும் சாமான் நிஜ அளவில் இருக்க வேண்டும். அறை பெரிதாகத் தெரியட்டும் என்று நாலடிக் கட்டிலைப் போட்டுக் காட்டும் தந்திரம் இந்தத் தொழிலில் உண்டு. ஐந்தடி அகலம், ஆறேகால் அடி நீளம், அதைச் சுற்றி நடக்க இரண்டரை அடி: இது கிடைக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். வாங்குபவரும் பார்ப்பார். கம்ப்யூட்டரில் சோபா வரைந்த படங்களைப் போர்ட்டலில் ஏற்றுவதானால் அப்படி வரைந்தது என்று அதன் மேலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் வருபவர் முகத்தில் ஏமாற்றம் வாசலிலேயே தெரியும்.

வாடகைக் காலத்தைத் தமிழ் மாதக் கணக்கில் யோசியுங்கள். ஆனி கடைசியில் சாமான் இறக்கினால் ஆடி முழுக்கச் சும்மா வாடகை ஓடும். வீடு பார்க்க வருபவர்கள்கூட ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். ஓதத்துக்குக் காய வேண்டிய நான்கு வாரத்தை ஆடியில் வைத்து, ஆவணி முதல் வாரத்தில் சாமான் இறக்குவது சரியான கணக்கு. மார்கழிக்கும் தைக்கும் இதே சூத்திரம். கொட்டேஷனில் குறைந்தபட்ச வாடகை எத்தனை மாதம், முன்பணம் எப்போது திரும்பும், ஏற்று இறக்குக் கூலி யார், டைல்ஸில் கீறல் விழுந்தால் யார், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்த தொகையா என்ற ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

போட்டோவுக்குப் பணம் கொடுப்பது வீண் போகாது. கேமரா நாலடி உயரத்தில் இருக்க வேண்டும், கதவுச் சட்டம் படத்தில் நேராக நிற்க வேண்டும், ஃபேன் ஓடக்கூடாது, விளக்கெல்லாம் எரிய வேண்டும். மிக அகன்ற லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் ஃபிரிட்ஜ் கட்டில் அளவுக்கு நீளும். அந்தப் படம் வேண்டாம். பதினைந்து படம் போதும். அதில் ஒன்று சம்ப், ஒன்று மொட்டை மாடி, ஒன்று வீட்டு முன் ரோட்டின் அகலம் தெரிவது.

இனி விற்பவர் நிம்மதியாகத் தூங்க உதவும் பகுதி. ஐந்து புரோக்கரிடம் சொல்லி வைத்த வீட்டில் எந்நேரமும் போன் வரும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பார்ட்டி, குழந்தை பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரு பார்ட்டி. நல்ல ஸ்டேஜிங் சேவை இதை வாரத்துக்கு இரண்டு நேரமாகச் சுருக்கித் தருகிறது. சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10:30 வரை, எமகண்டம் 1:30க்குத் தொடங்கும். அதனால் 10:30 முதல் 1:30 வரை. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12க்குத் தொடங்குவதால் காலை 9 முதல் 12 வரை. பார்ட்டிக்குப் பார்ட்டி இருபத்தைந்து நிமிடம். சாவி ஒருவரிடம், பதில் சொல்வது ஒருவர். வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம், அப்ரூவல் பிளான், வீட்டு வரி, இ.பி. ரசீது நகல்கள் ஒரே ஃபைலில் ஹால் மேசை மேல். வாரத்தில் ஐந்து நாள் வீடு உங்கள் வீடாக இருக்கும். இதை மட்டும் தனியாகச் செய்து தருபவர் கிடைத்தால் மற்ற நான்கையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். புரோக்கர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். ஒரே காலையில் நாலு பார்ட்டி மாடிப்படியில் ஒருவரையொருவர் தாண்டிப் போவதைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள்.

ஏற்காட்டு வீடுகளுக்கு இதே ஆட்களை அனுப்பினால் பாதி வேலை பொருந்தாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிச் சோபா போய்ச் சேரும் செலவு, சோபா வாடகையைத் தாண்டும். அங்கே எதிரி பூஞ்சணம். மழைக்காலம் முடிந்து திறக்கும் பங்களாவில் மெத்தை, திரை, அலமாரிப் பலகை எல்லாம் வாடை பிடித்திருக்கும், கதவு ஊதி நிலையில் உரசும். ஒரு சதுர அடி பாலிதீனைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சுவரைத் தொடும் உள்பக்கத்தில் நீர் கோத்தால் சுவருக்குள் ஓதம், வெளிப்பக்கத்தில் கோத்தால் அறைக் காற்றின் ஈரம். முன்னதற்குக் கொத்தனார் வேண்டும், பின்னதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். மூடுபனியில் எடுத்த படம் அழகாக இருக்கும், ஆனால் கீழே இருந்து வாங்க வருபவர் அதைப் பார்த்ததும் ஓதத்தைப் பற்றித்தான் கேட்பார். வெயில் விழும் சுவரையும் கூரையையும் சேர்த்து எடுங்கள்.

யாருக்கு இது தண்டச் செலவு என்பதையும் சொல்லிவிடலாம். சேலத்துக்குள் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பகுதித் தெருக்களில் இருக்கும் பழைய ஓட்டு வீடுகளை வாங்குபவர் இடித்துக் கட்டத்தான் வாங்குவார். சதுர அடிக்கு நில விலை, ரோடு அகலம், பத்திரம், இவ்வளவுதான் பேச்சு. குப்பையை அள்ளி, எல்லைக் கல்லைத் தெரியும்படி வைத்தால் போதும். வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டிலும் வேண்டாம். குடியிருப்பவருக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை, ஒத்துழைக்க மாட்டார். பங்காளித் தகராறு இருக்கும் வீட்டுக்கு வக்கீல்தான் ஸ்டேஜிங் செய்ய வேண்டும்.

செலவு தகுமா என்று பார்க்க ஒரு வழி: 80 லட்சம் சொல்லும் வீட்டில் பேரத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் 80,000 ரூபாய். வீட்டின் மேல் 40 லட்சம் கடன் 9 சதவீதத்தில் நின்றால் மாத வட்டி மட்டும் 30,000. வாங்குபவர் ஏற்கெனவே 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் மனதில் போட்டுக்கொண்டு வருகிறார். கண்ணில் படும் ஒவ்வொரு குறைக்கும் அவர் கேட்கும் தள்ளுபடி, அந்தக் குறையைச் சரிசெய்யும் செலவைவிடப் பல மடங்காக இருக்கும். பட்டியல், பழுது, விளக்கு, போட்டோ, நேர ஒழுங்கு ஆகியவற்றின் மொத்தம் இந்த 80,000த்துக்குள் அடங்கினால் தயங்காமல் செய்யலாம். சாமான் வாடகை சேர்ந்ததும் அதைத் தாண்டுகிறது என்றால் சாமானை வெட்டுங்கள்.

வாடகைச் சாமான் போட்டிருந்தால், டோக்கன் வாங்கும் அன்றைக்கே கிரய ஒப்பந்தத்தில் எதெல்லாம் வீட்டோடு சேர்ந்தது என்று எழுதிவிட வேண்டும்: ஃபேன், கீசர், ஏ.சி., மோட்டார், இன்வெர்ட்டர், சமையலறைச் சிம்னி, அலமாரிகள். சோபாவும் கட்டிலும் வீட்டோடு வருகின்றன என்று நினைத்த பார்ட்டி, சாவி வாங்கும் நாளில் காலி ஹாலைப் பார்த்து முகம் சுருங்கி நிற்பார்கள். சாமானை ஏற்றியபின் சுவரில் ஆணி ஓட்டை அடைத்து, அதே பெயிண்டில் தொட்டுக்கொடுப்பதும் ஸ்டேஜிங் ஆளின் வேலைதான். அதற்காகப் பெயிண்ட் டப்பாவில் கால் லிட்டரை மிச்சம் வைத்து, மூடி மேல் ஷேடு நம்பரை எழுதி வையுங்கள்.